அரிது எனப்பட்ட நோய்: தென்னிந்தியாவில் மல்டிபிள் ஸ்களீரோசிஸின் வரலாறு



அடுகோடியை ஒட்டிச் செல்லும் ஓசூர் சாலையில், லக்கசந்திராப் பகுதியில், 'நிம்ஹான்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் அமைந்துள்ளது. அதன் வெளிநோயாளர் பிரிவின் முன் காலையில் நீளும் வரிசையில் கன்னடத்தோடும் தெலுங்கோடும் தமிழும் ஒலிக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து வருவோர் அங்குண்டு. வலிப்பு, பக்கவாதம் முதலியவற்றுக்காக வந்தவர்களின் நடுவே, திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கியவர், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவர், நடக்கையில் கால் பின்னுபவர் என்று சிலரும் நிற்பர். அவர்களுள் பலர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. இவர்களில் ஒரு பகுதியினருக்கு மருத்துவர் எழுதித்தரும் நோயின் பெயர் மல்டிபிள் ஸ்களீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.

அரை நூற்றாண்டுக்கு முன் இதே குறிகளோடு வந்தவருக்கு அப்பெயர் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எம்.எஸ். குளிர்நாட்டு வெள்ளையரின் நோய், இந்தியாவில் அரிது என்பதே அன்றைய பாடநூல் முடிவு. அம்முடிவு எவ்வாறு உருவாயிற்று, எதனால் தளர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள். 'அரிது' என்ற சொல் நோயின் இயல்பைச் சொன்ன அளவுக்கு, அதைத் தேடிய கருவிகளின் இயல்பையும் சொன்னது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விட்டதன் சுமை நோயாளிகள்மீது விழுந்தது. மருத்துவ வரலாற்றைப் பயில்வோன் என்ற நிலையிலேயே இதை எழுதுகிறேன். மருத்துவ ஆலோசனையாக எவரும் கொள்ள வேண்டாம்.

1

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மின்கம்பியைச் சுற்றியுள்ள உறையைப்போல் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை உள்ளது. நரம்பின் செய்தி விரைந்து செல்ல அவ்வுறை இன்றியமையாதது. எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள மயலினைத் தாக்குகின்றன. தாக்குதல் ஓரிடத்தில் ஒருமுறை நிகழ்ந்து அடங்கும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வேறோரிடத்தில் மீண்டும் எழும். காயம் ஆறிய இடம் தடித்து மரத்துப்போகும். பெரும்பாலோர்க்கு நோய் இவ்வாறு எழுந்தும் தணிந்துமே தொடங்குகிறது; பலருக்குப் பின்னாளில் தணிதலின்றி மெல்ல முற்றுகிறது.

மரத்துப்போன இத்திட்டுகளை ராபர்ட் கார்ஸ்வெல், ழான் க்ருவேயியே ஆகியோர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஓவியங்களாக வெளியிட்டிருந்தனர். அத்திட்டுகளையும் உயிரோடிருந்தபோது நோயாளியிடம் கண்ட குறிகளையும் இணைத்து, 1868இல் அதைத் தனியொரு நோயாக நிறுவியவர் பாரிஸ் நகரின் சால்பேத்ரியே மருத்துவமனையைச் சேர்ந்த ழான்-மார்த்தேன் ஷார்கோ. 'திட்டுத்திட்டாய் மரத்துப்போதல்' என்பதே அவரிட்ட பிரெஞ்சுப் பெயரின் பொருள். தமிழில் இதைத் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுவோர் உளர். மரப்பு என்ற சொல் பொருத்தமானதே. ஆயினும் மூளையும் கண்ணும் அப்பெயருக்குள் இடம்பெறவில்லை.

ஷார்கோவின் கண்டுபிடிப்புக்கு அவருடைய கூர்மை மட்டும் காரணமன்று. அவர் பணியாற்றிய இடமும் காரணம். சால்பேத்ரியே ஏழைப் பெண்களுக்கான மாபெரும் காப்பகம். ஆயிரக்கணக்கானோர் அங்கே பல்லாண்டுகள் தங்கினர், அங்கேயே இறந்தனர், இறந்தபின் பிணக்கூறாய்வும் அங்கேயே நடந்தது. ஒரே மனிதரை இருபது ஆண்டுகள் கவனித்து, பின் அவருடைய தண்டுவடத்தை நுண்ணோக்கியில் காண இயன்ற இடத்திலேதான் இந்நோய்க்குப் பெயர் பிறந்தது. விட்டுவிட்டு எழும் ஒரு நோயை, ஒருமுறை வந்து மருந்து வாங்கிச் செல்பவரிடம் காண முடியாது. எம்.எஸ். எங்கெல்லாம் 'அரிது' எனப்பட்டதோ அங்கெல்லாம் இத்தகைய இடமும் நரம்பியல் மருத்துவரும் அரிதாக இருந்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமே தொடக்கத்தில் இது அரிய நோயாகவே கருதப்பட்டது. நரம்பியல் தனித்துறையாக வளர்ந்தபின் எண்ணிக்கையும் உயர்ந்தது.

பெங்களூரிலும் ஒரு காப்பகம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய மனநோயர் காப்பகம் பின்னர் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையாகி, ஓசூர் சாலை வளாகத்துக்கு வந்தது. 1954இல் அவ்வளாகத்தில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974 டிசம்பரில் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் உருவானது. மனநலமும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் அமைந்ததால், சால்பேத்ரியேவைப் போன்ற நீண்டகாலக் கவனிப்பும் பிணக்கூறாய்வும் தென்னிந்தியாவில் ஓரளவு சாத்தியமாயின. 1995இல் அங்கே நரம்பு நோயியலறிஞர் எஸ்.கே. சங்கரின் முயற்சியால் மனித மூளை வங்கியும் நிறுவப்பட்டது.

2

எம்.எஸ். குளிர்நாட்டு நோய் என்ற கருத்து வெறும் கற்பனையன்று. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்கு அழைக்கப்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த சார்லஸ் டேவன்போர்ட், வடக்கு மாநிலங்களில் இந்நோய் மிகுதி என்று 1922இல் எழுதினார். பின்னர் ஜான் கர்ட்ஸ்கி உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார். லட்சத்துக்கு 30 பேரும் அதற்கு மேலும் இருப்பின் மிகுமண்டலம். 5 முதல் 29 வரை இடைமண்டலம். 5க்குக் கீழ் குறைமண்டலம். இந்தியா குறைமண்டலத்தில் வைக்கப்பட்டது.

இவ்வரைபடத்தை வாசிக்கும்போது வரலாற்று மாணவர்கள் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு: இந்தியாவுக்கான எண் எங்கிருந்து வந்தது? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பறுவைத் துறையைத் தொடங்கியது 1949இல். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி பணி தொடங்கியது 1950இல். இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவியது 1951இல். ஒரு துணைக்கண்டத்தின் நரம்பியலாளர் அனைவரும் ஓர் அறைக்குள் அடங்கிவிடும் காலம் அது. அக்காலத்தில் எம்.எஸ். இங்கே குறைவு என்று சொல்வது, வானிலை நிலையமே இல்லாத மாவட்டத்தில் மழை குறைவு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கிடைத்த எண்கள் மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. 1971இல் வேலூரிலிருந்து மேத்யூ, மத்தாய், ஆபிரகாம், தாவோரி ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. 1975இல் பம்பாய்ப் பகுதியின் நிலையை சிங்கால், வாடியா ஆகியோர் எழுதினர். 1982இல் ஜப்பானின் ஃபுகுவோகாவிலிருந்து வெளிவந்த 'கிழக்கிலும் மேற்கிலும் எம்.எஸ்.' என்ற பொருளுடைய தொகுப்பில், தென்னிந்திய நிலை பற்றிய இயலை நிம்ஹான்ஸின் கௌரிதேவியும் நாகராஜாவும் எழுதினர். 1985இல் ஜெயின், மகேஷ்வரி ஆகியோர் முப்பதாண்டு இந்திய அனுபவத்தைத் தொகுத்தனர். மதிப்புமிக்க பணிகள் இவை. ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களுள் இத்தனை பேர் என்ற விகிதம், மக்கள்தொகையில் இத்தனை பேர் என்பதற்கு ஈடாகாது. வராதவர் எத்தனை பேர் என்பது அக்கணக்கில் இல்லை.

வீடுவீடாகச் சென்று எண்ணினால் என்ன நேரும் என்பதற்குப் பம்பாயின் பார்சி சமூகம் சான்றாயிற்று. 1980களின் பிற்பாதியில் பருச்சா குழுவினரும், அதையடுத்து 1990இல் வாடியாவும் பாட்டியாவும் வெளியிட்ட ஆய்வுகள், பார்சிகளிடையே லட்சத்துக்கு இருபதுக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருப்பதைக் காட்டின. 'குறைமண்டல' நாட்டுக்குள் ஓர் இடைமண்டலச் சமூகம்! பாரசீக மரபுவழியே காரணம் என்று பலர் விளக்கினர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பார்சிகள் குறிப்பிட்ட குடியிருப்புகளில் சேர்ந்து வாழும், கல்வியும் மருத்துவ வசதியும் மிக்க, முழுமையாக எண்ணப்படக்கூடிய சமூகம் என்பதையும் மறத்தலாகாது. மரபணு எவ்வளவு, எண்ணும் முறை எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

மரபணு மட்டுமே விளக்கமாகாது என்பதை இங்கிலாந்து காட்டியது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியோரிடம் எம்.எஸ். குறைவாகவே இருந்தது, அவர்களுக்கு இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகளிடமோ அது அந்நாட்டவரின் அளவை நெருங்கியது. மார்த்தா எலியான், ஜெஃப்ரி டீன் ஆகியோரின் 1990ஆம் ஆண்டு ஆய்வு இதை எடுத்துரைத்தது. ஒரே குருதி, ஒரு தலைமுறைக்குள் வேறு நோய்வாய்ப்பு. ஆகவே இளமைச் சூழலில் ஏதோ உள்ளது. 2022இல் 1 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. நெரிசலான வளரும் நாடுகளில் இவ்வைரஸ் சிறுபிள்ளைப் பருவத்திலேயே பெரும்பாலும் குறிகளின்றித் தொற்றிவிடுகிறது. செல்வநாடுகளில் பலருக்கு அது வளரிளம் பருவம்வரை தள்ளிப்போகிறது. இவ்வேறுபாடு இந்தியாவில் நோய் உண்மையிலேயே ஓரளவு குறைவாக இருந்ததற்கு ஒரு காரணமாகலாம். 'அரிது' என்ற சொல் முழுப்பொய் அன்று என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். அது மெய்யும் அறியாமையும் கலந்த சொல்.

3

அறியாமையின் பங்குக்கு இன்னொரு காரணம், நம் எல்லோர் நினைவிலும் வேறு பெயரில் இருக்கிறது: நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி.

இமாலய அடிவாரத்துக் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய தடுப்பூசி அது. வெறிநாய்க்கடி வைரஸை ஆட்டின் மூளையில் வளர்த்து, மூளைத் திசுவைக் கரைசலாக்கி, ஃபீனால் கொண்டு வைரஸைச் செயலிழக்கச் செய்தனர். நீலகிரியில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் தென்னிந்தியா முழுமைக்கும் இவ்வகை ஊசியை வழங்கிய இடமாகும். எண்ணற்ற உயிர்களை அது காத்தது; அதில் ஐயமில்லை. ஆனால் ஊசிக்குள் ஆட்டின் மயலினும் இருந்தது. நாள்தோறும் அதைப் பெற்ற உடல்களுள் சில, அந்நிய மயலினை எதிர்க்கக் கற்றுக்கொண்டு, தம் மயலினையே தாக்கத் தொடங்கின. ஊசி தொடங்கிய சில வாரங்களுக்குள் கால்கள் செயலிழந்தன, சிறுநீர் கட்டியது, சிலர் நினைவிழந்தனர், சிலர் இறந்தனர். இவ்விபத்து சில நூறு பேரில் ஒருவருக்கு என்பதிலிருந்து பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்பதுவரை இடத்துக்கிடம் மதிப்பீடுகள் வேறுபட்டன.

இங்கேதான் நம் ஊர்களின் துயரமும் உலக அறிவியலும் சந்திக்கின்றன. வெறிநாய்க்கடி ஊசிக்குப்பின் நேரும் இம்முடக்கம் பாஸ்டர் காலத்திலிருந்தே பல நாடுகளில் அறியப்பட்டிருந்தது. வைரஸ் இல்லாமல் மூளைத் திசுவை மட்டும் செலுத்தினாலும் இது நேருமா என்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸும் தோழர்களும் ஆராய்ந்தனர். முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்கு மீண்டும் மீண்டும் செலுத்தினர். குரங்குகள் முடங்கின; அவற்றின் மூளையில் மயலின் அழிந்திருந்தது. 1933ஆம் ஆண்டின் அவ்வாய்வே, எம்.எஸ். ஆராய்ச்சியின் முதன்மை விலங்கு மாதிரிக்கு அடித்தளம். வைரஸின்றி மூளைத் திசு மட்டுமே மயலின் அழிவை உண்டாக்க முடியும் என்பதை அது காட்டியது.

அந்த ஆய்வகத்தில் குரங்குகளுக்கு நேர்ந்தது, செம்பிள் ஊசி பெற்ற மனிதருக்கு இந்தியாவில் நிகழ்ந்துகொண்டே இருந்தது. பின்னர் ஃபீனாலுக்கு மாற்றாகப் பீட்டா புரோபியோலாக்டோன் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்திய ஊசி வந்தது. அதிலும் ஆட்டு மூளை இருந்தது, விபத்தும் இருந்தது. 1984இல் நிம்ஹான்ஸின் சுவாமி, சங்கர் முதலியோர் இவ்வூசியால் நேர்ந்த நரம்புச் சிக்கல்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். சிலியில் 1950களிலேயே ஃபுவென்சாலிடா, மயலின் மிகக் குறைவாக உள்ள பிறந்த சில நாளேயான எலிக்குஞ்சுகளின் மூளையைப் பயன்படுத்தும் வழியைக் கண்டிருந்தார். திசு வளர்ப்பு முறையில் அமைந்த பாதுகாப்பான ஊசிகளும் வந்துவிட்டன. விலையும் உற்பத்தி வசதியும் தடையாக இருந்தமையால், இந்தியாவில் ஆட்டு மூளை ஊசி 2004 இறுதிவரை நீடித்தது.

இதற்கும் எம்.எஸ். 'அரிது' என்றதற்கும் என்ன தொடர்பு? மயலின் அழிவோடு ஒருவர் வந்தால், தென்னிந்திய மருத்துவரின் மனத்தில் முதலில் எழ வேண்டிய வினாக்கள் வேறாக இருந்தன: நாய் கடித்ததா? ஊசி போட்டீர்களா? காசநோய் உண்டா? முதுகெலும்புக் காசநோய், மூளைக் காசநோய்க் கட்டி, மேகநோய், சத்துக்குறைவு என்று கால் முடக்கத்துக்குக் காரணங்கள் மலிந்த நாட்டில், எம்.எஸ். என்ற ஐயம் வரிசையின் கடைசியில் நின்றது. அது தவறான மருத்துவமன்று. மிகுதியாக உள்ளதை முதலில் நினைப்பதே மருத்துவ நெறி. ஆனால் வரிசையின் கடைசியில் நிற்பதை எட்டுவதற்குள் பல நோயாளிகளின் பணமும் காலமும் தீர்ந்துவிட்டன. வேலூர்க் கட்டுரையின் தலைப்பு எம்.எஸ். என்று தொடங்காமல், மயலின் அழிவு நோய்கள் என்று பொதுவாகத் தொடங்குவதை நான் இந்தச் சூழலிலேயே வாசிக்கிறேன்.

4

அடுத்து, பெயரே தவறிய கதை. ஆசியாவில் எம்.எஸ். என்று கண்டறியப்பட்டோருள் குறிப்பிடத்தக்க பகுதியினர்க்கு நோய் கண்ணையும் தண்டுவடத்தையும் மட்டுமே கடுமையாகத் தாக்கியது; மூளை பெரிதும் தப்பியது. ஜப்பானியரும் இந்தியரும் இதைப் பலகாலம் 'கண்-தண்டுவட எம்.எஸ்.' என்றே வகைப்படுத்தினர். மேற்கத்திய நோயின் ஆசிய வடிவம் என்பது அதன் பொருள். இதேபோன்ற நோயை 1894இல் லியோன் நகரில் யூஜீன் தெவிக்கும் அவர் மாணவர் ஃபெர்னான் கோவும் விவரித்திருந்தனர். ஆயினும் அது எம்.எஸ். நோயின் ஒரு கிளையா, தனி நோயா என்ற வழக்கு நூறாண்டு தீராதிருந்தது.

2004இல் மாயோ மருத்துவமனையின் வாண்டா லெனன் குழுவினர் தெவிக் நோயாளரின் குருதியில் தனித்த ஓர் எதிர்ப்பொருளைக் கண்டனர். ஜப்பானியக் கண்-தண்டுவட நோயாளரிடமும் அதுவே இருந்தது. அடுத்த ஆண்டு அதன் இலக்கு அக்வாபோரின்-4 என்னும் நீர்வழிப் புரதம் என்று தெரிந்தது. ஆக இது எம்.எஸ். அன்று, நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறு நோய். பின்னாளில் மாக் என்னும் புரதத்துக்கு எதிரான மூன்றாம் நோயும் பிரிந்தது.

பெயர்மாற்றம் ஏட்டளவில் நிற்கவில்லை. எம்.எஸ். நோய்க்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா, நியூரோமயலைட்டிஸ் நோயாளரின் நிலையை மோசமாக்கக்கூடும் என்பது ஜப்பானிய அனுபவத்திலிருந்து வெளிப்பட்டது. நியூரோமயலைட்டிஸ் நோயில் ஒரே தாக்குதலில் பார்வை முழுவதும் போகலாம். முதல் தாக்குதலிலேயே சரியான பெயரறிந்து தடுப்பு மருந்தைத் தொடங்குவது அதனால் உயிர்நாடியாகிறது. மேற்கின் வரையறைக்குள் அடங்காத ஆசிய நோயாளியை அவ்வரையறையின் ஓரத்தில் ஒட்டவைத்ததன் விளைவு, சிலருக்குப் பொருந்தா மருந்தும் மீளாப் பார்வையிழப்பும் ஆயிற்று. காலனிய அறிவு பற்றிய நம் விவாதங்களில் இவ்வெடுத்துக்காட்டு அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தப் பிரிப்புக்குப்பின் தென்னிந்தியாவில் நடந்த முதன்மையான எண்ணிக்கை கர்நாடகத்திலேயே நிகழ்ந்தது. மங்களூரில் லேகா பண்டிட் நடத்திய மயலின் அழிவு நோய்ப் பதிவேட்டின் வழி, 2014இல் அவரும் குந்தாபுரும் வெளியிட்ட ஆய்வு, அந்நகரில் எம்.எஸ். லட்சத்துக்கு 8க்கும் சற்று மேல் என்றும், நியூரோமயலைட்டிஸ் 2.6 என்றும் கணக்கிட்டது. குறைமண்டலத்தின் எல்லையான 5ஐ அது கடந்துவிட்டது. மங்களூர் இடம் மாறவில்லை. அதன் அட்சரேகையும் மாறவில்லை. மாறியவை காந்த அதிர்வுப் படக்கருவியும், நரம்பியலாளரின் எண்ணிக்கையும், எண்ண வேண்டும் என்ற எண்ணமும் ஆகும். 1981இல் முதன்முதலாக எம்.எஸ். திட்டுகளைக் காந்த அதிர்வுப் படம் காட்டியது. 2001இல் வந்த மெக்டொனால்டு வரையறை அப்படத்தை நோயறிதலின் நடுவில் வைத்தது. பிணக்கூறாய்வு மேசையில் ஷார்கோ கண்ட திட்டுகளை, உயிரோடிருப்பவரிடம் முதல் தாக்குதலின்போதே காண இன்று இயலும்.

5

மருந்துகளின் வரலாற்றிலும் நம் ஊசியின் நிழல் விழுகிறது. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்கா 1993இல் ஒப்புதல் தந்தது. 1996இல் அடுத்து வந்தது கிளாட்டிராமர். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னான், துவோரா தைத்தெல்பாவும் ஆகியோர் மயலின் புரதத்தைப் போன்ற செயற்கைச் சேர்மங்களைச் செய்தனர். ரிவர்ஸின் வழிவந்த விலங்கு மாதிரியில் அவை நோயை உண்டாக்கும் என்று எதிர்பார்த்தனர். அவை நோயைத் தடுத்தன. ஊசி விபத்தின் வழியே பிறந்த மாதிரி, இவ்வாறு மருந்தொன்றையும் தந்தது. 2017இல் அம்மருந்தின் பொதுப்பெயர் வடிவத்துக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தபோது, மைலான் நிறுவனத்தோடு கூட்டாளியாக நின்றது ஹைதராபாத்தின் நாட்கோ.

ஆயினும் பெரும்பாலான இந்திய நோயாளிகளுக்கு உதவியது வேறொரு மருந்து. நிணநீர்ப் புற்றுக்கான ரிடுக்சிமாப் என்னும் மருந்தின் உயிர்நிகர் வடிவத்தை ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இல் வெளியிட்டது. பி அணுக்களைக் குறைக்கும் அம்மருந்தை எம்.எஸ்., நியூரோமயலைட்டிஸ் ஆகிய இரண்டுக்கும் நரம்பியலாளர் பயன்படுத்தலாயினர். அட்டைப்பெட்டியில் இந்நோய்களின் பெயர் இராது. ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை ஏற்றினால் போதும், விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. செல்வநாடான சுவீடனும் இதே வழியைப் பெருமளவில் பின்பற்றியது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் கிளாட்டிராமர், கிளாட்ரிபின், ரிடுக்சிமாப் ஆகிய மூன்றையும் எம்.எஸ். நோய்க்கெனச் சேர்த்தது. அதற்குமுன் அப்பட்டியலில் இந்நோயின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூட இல்லை. உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு உள்ள நோய் இது. 'அரிது' என்ற சொல் பட்டியல்களிலும் ஆட்சி செய்தது.

6

நோயோடு வாழ்தல் என்பது பெரும்பாலும் பிறர் கண்ணுக்குத் தெரியாதவற்றோடு வாழ்தல். களைப்பு இந்நோயின் மிகப் பரவலான துயரம்; உறங்கி எழுந்தாலும் தீராதது. வெளியே நன்றாக இருப்பவரைச் 'சோம்பல்' என்று வீடும் அலுவலகமும் சொல்லும். சிறுநீரை அடக்க இயலாமை, பொதுக்கழிப்பறை அரிதான நகரங்களில் பெண்களை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது.

வெப்பம் இன்னொன்று. உடற்சூடு ஏறினால் மயலின் இழந்த நரம்பில் செய்தி தடைபட்டுப் பார்வை மங்கும், கால் தளரும், குளிர்ந்ததும் மீளும். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் இதை 1890இல் விவரித்தார். படக்கருவிக்கு முந்தைய காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்திக் குறிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பதே ஒரு சோதனையாக இருந்தது. வேலூரிலும் சென்னையிலும் சித்திரை, வைகாசி வெயில் அச்சோதனையைத் தானே நடத்திவிடுகிறது. புதிய தாக்குதல் வேறு, வெப்பத்தால் வரும் தற்காலிகத் தளர்ச்சி வேறு என்பதை அறிந்திருந்தால் எத்தனையோ அச்சங்களைத் தவிர்க்கலாம்.

இளம்பெண்களுக்கு நோயின் பெயரைவிடத் திருமணம் பற்றிய பேச்சே கடுமையாக இருக்கிறது. கருவுறுதல் கூடாது என்று மருத்துவர்களே பலகாலம் அறிவுறுத்தினர். 1998இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு, கருக்காலத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைவதையும், பேற்றுக்குப்பின் மூன்று மாதம் மட்டும் அவை மிகுவதையும் காட்டி அவ்வறிவுரையைத் தளர்த்தியது. அந்தச் செய்தி நம் பெண்பார்க்கும் கூடங்களை இன்னும் எட்டவில்லை.

1985இல் மும்பையில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்களீரோசிஸ் சங்கம் பின்னர் பெங்களூர், சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைவிட்டது. நோயாளிகளும் குடும்பத்தினரும் தம்மைத் தாமே எண்ணிக் காட்டிய இயக்கமாக அதைக் காண்கிறேன். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது, அவற்றுள் எம்.எஸ். இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கியபோது, நீடித்த நரம்பியல் நோய்களின் கீழ் மல்டிபிள் ஸ்களீரோசிஸ் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசுப் பணியில் நான்கு விழுக்காட்டைப் பங்கிடும்போது பார்வை, செவி, இயக்கம், மனம் சார்ந்த வகைகளையே வரிசைப்படுத்துகிறது, எம்.எஸ். அங்கே பெயரின்றி நிற்கிறது. நடை முடங்கினால் இயக்கக் குறைபாட்டின் வழியாக உள்ளே வரலாம். களைப்பாலும், மாதத்துக்கு மாதம் மாறும் உடலாலும் வேலையிழப்பவருக்கு அந்த வாயிலும் இல்லை. நாற்பது விழுக்காடு என்ற அளவுகோலோ, எழுந்தும் தணிந்தும் செல்லும் ஒரு நோயை எந்த நாளில் வைத்து அளப்பது என்ற வினாவுக்கு விடை தருவதில்லை.

7

ஷார்கோவின் காப்பகம், கர்ட்ஸ்கியின் வரைபடம், குன்னூரின் ஊசி, மாயோவின் எதிர்ப்பொருள், மங்களூரின் பதிவேடு, தில்லியின் சட்டம் ஆகிய ஒவ்வொன்றும் இந்நோய்க்கு ஒரு பெயரைக் கொடுத்தது, அல்லது மறுத்தது. பெயர் கிடைத்த இடத்தில் மருந்தும் உரிமையும் பின்தொடர்ந்தன. மறுக்கப்பட்ட இடத்தில் நோயாளி சோம்பேறியாகவும், பேய்பிடித்தவராகவும், காரணமறியா முடக்குற்றவராகவும் வாழ்ந்து மறைந்தார். அவர்களைப் பற்றிய ஏடு எந்த ஆவணக்காப்பகத்திலும் தனியே இராது. மாவட்ட மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளில் 'கால் முடக்கம்', 'பார்வையிழப்பு' என்ற பொதுச்சொற்களுக்குள் அவர்கள் கலந்திருப்பர்.

மங்களூரின் எண் ஒரு நகரத்தின் எண். தருமபுரியின் ஒரு சிற்றூரில் எம்.எஸ். எத்தனை பேருக்கு என்பதை அது சொல்லாது. ஆகவே நரம்பியல், பொதுச் சுகாதாரம், வரலாறு பயிலும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தியாவில் எந்த நோயையேனும் 'அரிது' என்று ஒரு நூல் சொன்னால், யார் எண்ணியது, எங்கே எண்ணியது, எதைக் கொண்டு எண்ணியது என்று கேளுங்கள். ஓசூர் சாலையின் அந்தக் காலை வரிசையில் கால் பின்ன நிற்கும் பெண், அங்கு வந்து சேர்வதற்கு முன் எத்தனை மருத்துவமனைகளில் பெயரின்றித் திரும்பியிருப்பார் என்பது, அவ்வினாவுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தது.